கட்டளை வரியில் ஓர் எழுத்து

கடற்கரைச் சாலையில் காலை நடையை முடித்துவிட்டு, காந்தி சிலைக்கு எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுவது எங்கள் பழக்கம். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். சென்ற வாரம் பள்ளி ஆசிரியராக இருந்த நண்பர் ஒரு விஷயம் சொன்னார். புதிதாக விண்டோஸ் 11 போட்ட லேப்டாப் வாங்கியிருக்கிறார். முதல் முறை திறந்ததும், இணைய இணைப்புக் கொடு, மைக்ரோசாஃப்ட் கணக்கு தொடங்கு என்று கேட்டு, அதற்கு மேல் நகரவே இல்லையாம். பேரன் வந்து ஷிஃப்ட் சாவியையும் எஃப்10 சாவியையும் சேர்த்து அழுத்தியிருக்கிறான். ஒரு கறுப்புக் கட்டம் திறந்தது. அதில் ஏதோ ஒரு சொல்லைத் தட்டினான். மெஷின் அணைந்து மறுபடி எழுந்தது. இப்போது 'என்னிடம் இணையம் இல்லை' என்று சொல்லி மேலே போக ஒரு வழி தெரிந்தது.

"மந்திரம் போட்ட மாதிரி இருந்துச்சு சார்" என்றார்.

மந்திரம் இல்லை. அந்தக் கறுப்புக் கட்டத்துக்குப் பெயர் கட்டளை வரி. கம்ப்யூட்டரில் ஆபரேட்டிங் சிஸ்டம் என்கிற இயங்குதளத்தைப் போடும்போது, திரையில் காட்டும் வழியை விட்டு வேறு வழியில் போகச் சொல்வதற்கான சொற்கள் அதில் தட்டப்படுகின்றன. அவற்றுக்கு 40 வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் ஓர் எழுத்தால் நானும் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். அதை இதுவரை எழுதியதில்லை. இன்று இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, கோப்பும் பதிவேடுமாக இருந்தவன். முதன்முதலில் கம்ப்யூட்டரைத் தொட்டபோது வயது 40 தாண்டிவிட்டது. அதனால் இதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்ததும், பிறகு வீட்டில் உட்கார்ந்து படித்ததும்தான்.

1981 ஆகஸ்ட் 12ஆம் தேதி ஐ.பி.எம். நிறுவனம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை அறிமுகம் செய்தது. அதற்கான டாஸ் இயங்குதளத்தைக் கொடுத்தது மைக்ரோசாஃப்ட். ஆனால் அதன் மூலத்தை எழுதியவர் சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தில் இருந்த டிம் பேட்டர்சன். மைக்ரோசாஃப்ட் அதை விலைக்கு வாங்கி மாற்றியமைத்தது. அந்தக் காலத்தில் இயங்குதளத்தைப் 'போடுவது' என்ற பேச்சே பெரிதாக இல்லை. ப்ளாப்பியைச் செருகி மெஷினை ஆன் செய்தால் அது ப்ளாப்பியிலிருந்தே எழுந்துகொள்ளும். அவ்வளவுதான்.

1983இல் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் வைத்த எக்ஸ்.டி. மாடல் வந்தது. இப்போது மெஷின் தன் வயிற்றில் உள்ள தட்டிலிருந்தே எழ வேண்டும். அதற்கு அந்தத் தட்டில் இயங்குதளத்தைக் குடியேற்ற வேண்டும். தட்டை வரிசைப்படுத்தும் கட்டளை ஃபார்மட். அதோடு ஒரு சாய்கோடு போட்டு எஸ் என்று சேர்த்தால், அதாவது 'ஃபார்மட் சி: /எஸ்' என்று தட்டினால், தட்டைச் சுத்தம் செய்வதோடு, கண்ணுக்குத் தெரியாத இரண்டு கோப்புகளையும் கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் கோப்பு ஒன்றையும் அதில் வைத்துவிடும். பிறகு ப்ளாப்பி இல்லாமலே மெஷின் எழும். இயங்குதளம் போடுவதற்கான கட்டளை வரிக் குறிகளில் எங்கள் தலைமுறை முதலில் பார்த்தது இந்த '/எஸ்'தான்.

இந்தக் குறிகளை டாஸ்காரர்கள் 'ஸ்விட்ச்' என்றார்கள். யூனிக்ஸ் பழகியவர்கள் 'ஆப்ஷன்' என்பார்கள். அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு எளிதாகப் புரியும்படி சொல்கிறேன். கோப்பில் 'நகல் அனுப்புக' என்று உத்தரவு இருக்கும். ஓரத்தில் அதிகாரி 'அவசரம்' என்றோ 'நேரில்' என்றோ எழுதுவார். உத்தரவு அதேதான், நிறைவேற்றும் விதம் மாறிவிடும். ஓரத்தில் எழுதும் அந்தச் சொல்தான் ஸ்விட்ச்.

சாய்கோடு எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு சின்னக் கதை. டெக் என்ற நிறுவனத்தின் பழைய கம்ப்யூட்டர்களில் ஸ்விட்சுக்கு முன் சாய்கோடு போடும் வழக்கம் இருந்தது. டாஸும் அதையே எடுத்துக்கொண்டது. 1983இல் டாஸ் 2.0 வந்தபோது, கோப்புகளை உறைக்குள் உறையாக அடுக்கும் வசதியை யூனிக்ஸைப் பார்த்துச் சேர்த்தார்கள். யூனிக்ஸில் உறைகளைப் பிரித்துக் காட்டுவது சாய்கோடு. ஆனால் டாஸில் அந்தக் கோட்டுக்கு ஏற்கெனவே வேலை கொடுத்தாகிவிட்டது. அதனால் எதிர்ப்பக்கம் சாய்ந்த கோட்டை உறைகளுக்குப் போட்டார்கள். இன்றைக்கும் விண்டோஸில் கோப்பின் முகவரியில் பின்பக்கம் சாய்ந்த கோடு இருப்பதற்கு அதுதான் காரணம். யூனிக்ஸில் ஸ்விட்சுக்குச் சிறு கோடு. பின்னால் வந்த க்னூ திட்டக்காரர்கள் முழுச் சொல்லாக எழுதும் ஆப்ஷனுக்கு இரண்டு சிறு கோடுகள் போட்டார்கள்.

1991இல் டாஸ் 5.0 வந்தது. அதில் இரண்டு நல்ல காரியங்கள் செய்திருந்தார்கள். எந்தக் கட்டளைக்குப் பின்னும் '/?' என்று தட்டினால், அதற்கு என்னென்ன ஸ்விட்சுகள் உண்டு, ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று திரையில் காட்டும். இரண்டாவது, ஃபார்மட் கட்டளை தட்டைத் துடைக்கும் முன், பழைய கோப்புகள் எங்கெங்கே இருந்தன என்ற வரைபடத்தை ஓரிடத்தில் பத்திரப்படுத்திக்கொள்ளும். தவறாகத் துடைத்துவிட்டால், உடனே 'அன்ஃபார்மட்' என்று தட்டி அந்த வரைபடத்தை வைத்து மீட்க முடியும். ஆனால் '/யூ' என்ற ஸ்விட்ச் போட்டால் அந்த வரைபடத்தை எடுத்து வைக்காது. நிபந்தனையில்லாமல் துடை என்று பொருள்.

எங்கள் கதை இங்கே வருகிறது.

1993. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் எங்கள் பிரிவுக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் ஓய்வுபெற்றவர்களுக்கும் குடும்ப ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கும் சேர வேண்டிய நிலுவைத் தொகைப் பட்டியலை டிபேஸில் ஏற்றி வைத்திருந்தேன். நானூற்றுச் சொச்சம் பெயர். ஒவ்வொருவருக்கும் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எவ்வளவு என்று கணக்கு. மூன்று மாத வேலை. மெஷின் அடிக்கடி நின்றுபோகிறது என்று சொல்லி அனுப்ப, பழுது பார்க்கும் ஒப்பந்தக்காரர் ஒரு பையனை அனுப்பினார். 22 வயது இருக்கும். கெட்டிக்காரப் பையன். ஒரு ப்ளாப்பியைச் செருகி, டாஸைப் புதிதாகப் போட்டுவிட்டால் சரியாகும் என்றான்.

'ஃபார்மட் சி: /யூ /எஸ்' என்று தட்டினான். இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. திரையில் இருந்ததை வழக்கம்போல் என் குறிப்பு நோட்டில் எழுதிக்கொண்டேன், பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று. தட்டில் உள்ள எல்லாம் போய்விடும், தொடரலாமா என்று மெஷின் கேட்டது. அவன் திரும்பி என்னைப் பார்த்து, "சார், வேண்டியதெல்லாம் எடுத்து வெச்சாச்சா?" என்றான்.

மேஜை மேல் பரப்பியிருந்த காகிதங்களைச் சொல்கிறான் என்று நினைத்தேன். அவனுக்கு இடம் கொடுப்பதற்காகச் சற்று முன்தான் அவற்றையெல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன்.

"ஆச்சு தம்பி" என்றேன்.

அவன் ஒய் என்ற எழுத்தைத் தட்டினான்.

பட்டியல் போய்விட்டது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தபோது, பையன் முகம் வெளுத்துவிட்டது. '/யூ' போடாமல் இருந்திருந்தால் அப்போதே மீட்டுப் பார்த்திருக்கலாம் என்று அவனே சொன்னான். சீக்கிரம் முடியும் என்று எப்போதும் அப்படித் தட்டித்தான் பழக்கமாம். அவனுக்குக் கற்றுக்கொடுத்தவரும் அப்படித்தான் தட்டுவாராம். '/?' என்று தட்டிப் பார்த்ததுண்டா என்று இன்றாக இருந்தால் கேட்டிருப்பேன். அன்று எனக்கே அப்படி ஒன்று இருப்பது தெரியாது.

நடந்ததைப் பற்றிக் கோப்பில் குறிப்பு எழுத வேண்டியது என் வேலை. எழுதினேன். அதில் என்ன எழுதினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

டாஸுக்குப் பிறகு விண்டோஸ் வந்தது. 1992இல் வந்த விண்டோஸ் 3.1 போடுவதற்கு 'செட்டப்' என்ற நிரல். மெஷினில் என்ன வன்பொருள் இருக்கிறது என்று அது தானே தேடிப் பார்க்கும். தேடும்போதே சில மெஷின்கள் நின்றுவிடும். அதற்கு 'செட்டப் /ஐ' என்று தட்டினால் தேடாமல் நம்மையே கேட்கும். '/ஏ' என்றால் அலுவலகச் சர்வரில் ஒரு பொதுப்பிரதி வைக்கும். '/என்' என்றால் அந்தப் பிரதியிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் போடும். '/எச்' என்று தட்டி ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால், கேள்விகளுக்கான விடைகளை அந்தக் கோப்பிலிருந்தே எடுத்துக்கொண்டு, யாரும் பக்கத்தில் உட்காராமலே வேலையை முடிக்கும்.

1995 ஆகஸ்ட் 24இல் விண்டோஸ் 95. ப்ளாப்பியில் வாங்கினால் 13 ப்ளாப்பிகள். ஒன்றில் கீறல் இருந்தாலும் பாதியில் நின்றுவிடும். அது போடத் தொடங்கும் முன் தட்டு நன்றாக இருக்கிறதா என்று ஸ்கேன்டிஸ்க் வைத்துச் சோதிக்கும். அந்தச் சோதனையிலேயே மாட்டிக்கொண்டால் 'செட்டப் /ஐஎஸ்'. சோதனையை விட்டுவிட்டு மேலே போகும். இடம் போதவில்லை என்று தவறாக மறுத்தால் '/ஐடி'. நினைவகம் போதவில்லை என்றால் '/ஐஎம்'. இந்த எழுத்துகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் எங்கோ ஒரு மெஷின் 'முடியாது' என்று மறுத்து நின்றபோது, 'எனக்குத் தெரியும், நீ மேலே போ' என்று சொல்ல ஒருவருக்குத் தேவைப்பட்ட சொல்.

விண்டோஸ் என்.டி.யும் அதன் வழியில் வந்த 2000, எக்ஸ்.பி. பதிப்புகளும் வேறு மாதிரி. டாஸிலிருந்து அவற்றைப் போட 'வின்என்டி' என்ற நிரல். 1996இல் வந்த என்.டி. 4.0 வழக்கமாக மூன்று துவக்க ப்ளாப்பிகள் கேட்கும். 'வின்என்டி /பி' என்றால் ப்ளாப்பி இல்லாமலே போடும். '/ஓஎக்ஸ்' என்றால் தொலைந்துபோன அந்த மூன்று ப்ளாப்பிகளை மறுபடி செய்து கொடுக்கும். '/யூ' என்ற அதே எழுத்து இங்கே வேறு பொருளில் வரும். அதன் பின் ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால், அதுதான் முன்கூட்டியே நிரப்பிய விண்ணப்பப் படிவம். மெஷின் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் விடை அதில் இருக்கும். ஓரிடத்தில் '/யூ' என்றால் திரும்ப வழியில்லாமல் துடைப்பது; இன்னோர் இடத்தில் ஆள் இல்லாமல் போடுவது. எழுத்தைப் பார்த்துப் பழக்கத்தில் தட்டக்கூடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இன்னொன்று, இதைப் பலர் அனுபவித்திருப்பார்கள். டாஸிலிருந்து இந்தப் பதிப்புகளைப் போடும்போது, அதற்கு முன் 'ஸ்மார்ட்டிரைவ்' என்ற சிறு நிரலை ஓட்டிவிட வேண்டும். மறந்தால், ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்து எழுத மணிக்கணக்கில் ஆகும். தெரிந்தவர் கொஞ்ச நேரத்தில் முடித்துவிட்டுப் போவார். தெரியாதவர் ராத்திரி முழுவதும் உட்கார்ந்திருப்பார். இரண்டு பேரிடமும் இருப்பது ஒரே சி.டி.தான்.

இதே காலத்தில் இன்னொரு பக்கம் லினக்ஸ் வளர்ந்தது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. 1993இல் ஸ்லாக்வேர், டெபியன் என்ற இரண்டு விநியோகங்கள் தோன்றின. இவற்றைப் போட ப்ளாப்பியோ சி.டி.யோ செருகி மெஷினை எழுப்பினால், திரையில் 'பூட்:' என்று ஒரு சொல் வந்து காத்து நிற்கும். என்டர் தட்டினால் போதும். இல்லையென்றால், அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் நாம் சொல்ல வேண்டியதைச் சொல்லலாம்.

என்ன சொல்ல வேண்டியிருந்தது? அன்றைய பயாஸ்கள் பல, மெஷினில் எவ்வளவு நினைவகம் இருந்தாலும் 64 மெகாபைட்டுக்கு மேல் சொல்லாது. 128 மெகாபைட் வைத்திருப்பவர் 'மெம்=128எம்' என்று தானே தட்டிச் சொல்ல வேண்டும். மிட்சுமி, சோனி போன்றவர்களின் அன்றைய சி.டி. டிரைவ்கள் தனி அட்டையிலோ சவுண்ட் கார்டிலோ இணைந்திருக்கும். எந்த முகவரியில் இருக்கிறது என்று எண்ணால் சொன்னால்தான் லினக்ஸுக்குத் தெரியும். ஐ.பி.எம். திங்க்பேட் மடிக்கணினிகளில், ப்ளாப்பி மாற்றப்பட்டதா என்று சொல்லும் கம்பி மற்ற மெஷின்களுக்கு நேர்மாறாகப் பேசும். அதற்கென்றே 'ப்ளாப்பி=திங்க்பேட்' என்று ஓர் ஆப்ஷன். யாரோ ஒருவர் தன் மடிக்கணினியில் மாட்டிக்கொண்டு, காரணத்தைக் கண்டுபிடித்து, எழுதி அனுப்பியதால் வந்த சொல் அது.

இப்படிப்பட்ட சொற்களையெல்லாம் பால் கார்ட்மேக்கர் என்பவர் 'பூட்பிராம்ப்ட் ஹௌடூ' என்ற ஆவணமாகத் தொகுத்தார். அதைப் பின்னாளில் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. அது ஒரு கட்டளைப் பட்டியல் போலவே இல்லை. நன்றாக வைத்திருக்கும் புகார்ப் பதிவேடு போல இருந்தது. என்ன மெஷின், என்ன கோளாறு, என்ன காரணம், என்ன தட்ட வேண்டும். காரணம் சரியாக எழுதப்பட்டதால்தான் அடுத்தவருக்கு வழி கிடைத்தது. லினக்ஸில் இன்னொரு பழக்கமும் உண்டு. அன்று என்ன தட்டி மெஷினை எழுப்பினோமோ, அந்த வரியை அப்படியே தன் உள்ளே ஒரு கோப்பில் காட்டும். மெஷின் ஏன் இப்படி நடக்கிறது என்று சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்கலாம்.

2000இல் ஜெர்மனியின் கிளாஸ் க்னோப்பர், 'க்னோப்பிக்ஸ்' என்ற லினக்ஸை வெளியிட்டார். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் சி.டி.யிலிருந்தே முழுவதும் ஓடும். அதன் ஆப்ஷன்களுக்கு அவர்களே வைத்த பெயர் 'சீட்கோட்'. விளையாட்டில் ஏமாற்றும் குறி என்று பொருள். ஒரு கணினி இதழோடு வந்த அந்த சி.டி.யை வீட்டில் போட்டு, 'க்னோப்பிக்ஸ் லாங்=எஃப்ஆர்' என்று தட்டினேன். திரை முழுவதும் பிரெஞ்சில் வந்தது. பள்ளிக்கூடத்தை விட்டு எத்தனையோ வருடம் கழித்து, ஒரு மெஷின் என்னிடம் அந்த மொழியில் பேசியதில் சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டேன்.

தமிழ் எப்போது வந்தது என்று கேட்பீர்கள். 2007 ஏப்ரலில் வெளியான டெபியன் 4.0 பதிப்பை 58 மொழிகளில் போடலாம். அதில் தமிழும் ஒன்று. ஆனால் ஒரு நிபந்தனை. எழுத்து மட்டும் காட்டும் பழைய திரையில் தமிழ் எழுத்துகளை ஒழுங்காகக் காட்ட முடியாது. படத்திரையோடு கூடிய நிறுவி வேண்டும். அந்தப் பதிப்பில் அது தானாக வராது. 'பூட்:' என்று நிற்கும்போது 'இன்ஸ்டால்ஜியுஐ' என்று தட்ட வேண்டும். அந்த ஒரு சொல் தெரியாதவருக்கு அந்த சி.டி.யில் தமிழ் இருப்பதே தெரியாது. எத்தனையோ பேர் உட்கார்ந்து மொழிபெயர்த்த உழைப்பு, ஒரு சொல்லுக்குப் பின்னால் காத்திருந்தது.

இனி, என் விரல்கள் என்னை ஏமாற்றிய கதை. ஓய்வு பெற்ற பிறகு, 2011இல், பிரான்சில் இருக்கும் தம்பி மகன் விடுமுறைக்கு வந்தபோது தன் பழைய லேப்டாப்பை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அதில் லினக்ஸ் போட முயன்றேன். வட்டு சுழலும்; பிறகு திரை கறுத்து அப்படியே நிற்கும். தேடிப் படித்ததில் காரணம் தெரிந்தது. 2009 வாக்கில் லினக்ஸின் கருவான கெர்னல், திரையின் அளவை அமைக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. சில திரை அட்டைகளில் அது ஒத்துவராமல் திரை இருண்டுவிடும். அதற்கு மருந்து, 'நோமோட்செட்' என்ற ஒரே சொல். டேப் சாவியை அழுத்தினால் ஒரு வரி தெரியும். அதன் கடைசியில் இதைச் சேர்க்க வேண்டும்.

சேர்த்தேன். கறுப்பு. மறுபடி சேர்த்தேன். கறுப்பு. மூன்றாம் முறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, தட்டியதை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். எம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அரைப்புள்ளி உட்கார்ந்திருந்தது.

அது பிரான்சில் வாங்கிய லேப்டாப். அதன் விசைப்பலகை பிரெஞ்சு முறை. அதில் எம் எழுத்து எல்லுக்கு வலப்பக்கம் இருக்கும். சின்ன வயதில் சித்தப்பாவின் பிரெஞ்சுத் தட்டச்சுப் பொறியில் பழகிய விரல் நேராக அங்கே போய்விட்டது. ஆனால் இயங்குதளம் எழுவதற்கு முந்தின அந்த நிலையில், எந்த நாட்டு விசைப்பலகை என்பது மெஷினுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் அமெரிக்க முறை என்றே எடுத்துக்கொள்ளும். அமெரிக்க முறையில் அந்த இடம் அரைப்புள்ளி. சாவியின் மேல் எம் என்று அச்சடித்திருப்பது எனக்குத்தான் தெரியும், மெஷினுக்குத் தெரியாது. கெர்னலோ தனக்குத் தெரியாத சொல் வந்தால் தவறு என்று நிறுத்திச் சொல்வதில்லை. பேசாமல் ஒதுக்கிவிட்டு மேலே போய்விடும்.

என் எழுத்துக்குப் பக்கத்தில் காற்புள்ளி போட்டிருந்த சாவியைத் தட்டினேன். எம் வந்தது. திரையும் வந்தது. 'ஏ' வேண்டுமானால் 'க்யூ' போட்ட சாவி, 'இசட்' வேண்டுமானால் 'டபிள்யூ' போட்ட சாவி என்று அன்றே நோட்டில் எழுதிக்கொண்டேன். காரைக்காலில் இருந்து இரண்டு பேர் இதே தொல்லைக்காக என்னைக் கேட்டிருக்கிறார்கள். பிரான்சிலிருந்து வந்த லேப்டாப் இல்லாத தெரு நம் ஊர்களில் குறைவு.

இப்போது நண்பரின் பேரனுக்கு வருவோம். அவன் தட்டிய சொல் 'பைபாஸ்என்ஆர்ஓ'. இணையம் இல்லாமல் மேலே போக விடு என்று பொருள். 1991இன் டாஸில் '/?' என்று கேட்டால் மெஷினே தன் ஸ்விட்சுகளைச் சொன்னது. இந்தச் சொல்லையோ திரையில் எங்கும் சொல்வதில்லை; ஒருவருக்கு ஒருவர் சொல்லித்தான் பரவியது. 2025 மார்ச்சில், ஒரு சோதனைப் பதிப்பிலிருந்து அந்தக் கட்டளைக் கோப்பை எடுத்துவிடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. எல்லோரும் கணக்கோடு, இணையத்தோடு வருவதுதான் பாதுகாப்பு என்பது அவர்கள் வாதம். இருக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு எந்த ஸ்விட்சும் தேவைப்படாது என்பதும் உண்மை. ஆனால் சொந்தக் காசு கொடுத்து வாங்கிய மெஷினிடம் 'எனக்குத் தெரியும், நீ மேலே போ' என்று சொல்ல ஓர் இடம் வேண்டும். 40 வருடமாக அந்த இடம் கட்டளை வரியாக இருந்தது. அது இருக்கிறது என்பதையாவது நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். தட்டும் முன் பொருள் கேட்டுத் தட்டவும் சொல்ல வேண்டும்.

பாக்கி வைத்த விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

1993இல் கோப்பில் நான் எழுதிய குறிப்பு இதுதான்: 'இயந்திரக் கோளாறு காரணமாகப் பட்டியல் அழிந்துவிட்டது.' மேலதிகாரி அப்படி எழுதினால் போதும் என்றார். பையனுக்கு வேலை போய்விடும் என்று நானும் நினைத்தேன். அவனைக் காப்பாற்றினேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காப்பாற்றியது என்னையும்தான். 'ஆச்சு தம்பி' என்று சொன்னவன் நான்.

பட்டியலைப் பழைய பதிவேடுகளிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. நிலுவைத் தொகை கொடுப்பது இரண்டு மாதம் தள்ளிப்போனது. எங்கள் அலுவலகத்திலேயே சேவகராக இருந்து இறந்துபோனவரின் மனைவி, குடும்ப ஓய்வூதிய நிலுவைக்காக இரண்டு முறை பஸ் ஏறி வந்தார். இரண்டு முறையும் "மெஷின் கெட்டுப்போச்சும்மா" என்று சொல்லி அனுப்பினேன். இரண்டாம் முறை அவர், "மெஷினுக்கு உடம்பு சரியாயிடுச்சா ஐயா?" என்று அக்கறையாகக் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

கோளாறு இயந்திரத்தினுடையது என்று கோப்பு சொன்னதால், அதற்கு ஏற்ற நடவடிக்கை எடுத்தார்கள். ஒரு ஸ்டெபிலைசர் வாங்கினார்கள். ப்ளாப்பியில் நகல் எடுத்து வையுங்கள் என்றோ, எதை எடுத்து வைக்க வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள் என்றோ யாரும் உத்தரவு போடவில்லை. போட வேண்டிய காரணம் கோப்பில் இல்லையே. இரண்டு வருடம் கழித்து, 1995இல், பக்கத்துப் பிரிவில் வேறு ஒரு பையன் வந்து, அதே வரியைத் தட்டி, அவர்களுடைய பட்டியலும் போனது. அப்போது ஸ்டெபிலைசர் நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

முகம் தெரியாத ஒருவர் தன் மடிக்கணினியின் ஒரு கம்பி தலைகீழாக இருப்பதைச் சரியாக எழுதி வைத்தார். அதே மடிக்கணினி வைத்திருந்த எல்லோருக்கும் அது உதவியது. குறிப்பு எழுதுவதையே தொழிலாகக் கொண்ட நான், ஓர் எழுத்தை எழுதாமல் விட்டேன். பக்கத்து அறைக்குக்கூட உதவவில்லை.

அந்தக் கோப்பு இப்போது எங்கே இருக்கிறதோ. அதனால் 32 வருடம் கழித்து, திருத்திய குறிப்பை இங்கே எழுதி வைக்கிறேன்:

'பட்டியலுக்கு நகல் எடுக்கப்படவில்லை. பழுது பார்க்க வந்தவர் ஃபார்மட் கட்டளையோடு /யூ என்ற ஸ்விட்சைச் சேர்த்ததால் மீட்கவும் வழியில்லாமல் போயிற்று. தொடரும் முன் அவர் கேட்டார். சரியாகப் புரிந்துகொள்ளாமல் ஆம் என்று சொன்னது பிரிவு எழுத்தர். இயந்திரத்தில் கோளாறு இல்லை.'